நாலு பத்தில் நின்ற மணிக்கூடு

அப்பாவின் கைமணிக்கூட்டைத் திருத்துவதா விடுவதா என்ற கதை எங்கள் வீட்டில் மூன்று வருடம் இழுபட்டது. திருத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மூன்றாம் வருடம், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். கையில் மணிக்கூடு இல்லாமல் போக வெட்கமாக இருந்தது. "கோட்டிலை மணி அடிப்பினம்தானே, அது காணாதோ?" என்பார் அம்மா.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் அப்பா எங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, கந்தோர் வேலைக்காக வெள்ளவத்தை வீட்டில் தனியே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அயல்வீட்டார் கதவை உடைத்துப் பார்த்தபோது சமையலறை நிலத்தில் இறந்து கிடந்தார். கையிலிருந்த மணிக்கூட்டின் கண்ணாடி வெடித்து, முள்ளுகள் நாலு பத்தில் நின்றிருந்தன. விழுந்த அடியில் நின்றுவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினோம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நவமி மத்தியானத்தோடு முடிந்துவிட்டது, நாலு பத்துக்குத் தசமி என்றார். தசமியிலேயே திவசம் கொடுத்து வந்தோம். விழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்கள் வந்துவிட்டார்களே என்பதுதான் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபின், நச்சரித்து அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். கொட்டாஞ்சேனையில் மணிக்கூடு திருத்தும், எல்லோரும் 'நானா' என்று அழைக்கும் முஸ்லிம் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மெல்ல முறுக்கினார். ஓடத் தொடங்கியது.

"இதுக்கு ஒண்டுமில்ல தம்பி. கண்ணாடிய மாத்தினாச் சரி."

"விழுந்து அடிபட்டதிலை நிக்கேல்லையோ, நானா?"

"இல்ல. ஒருக்கா முறுக்கினா ஒண்டரை நாள் மட்டில ஓடும். பொறகு முறுக்காம விட்டதால நிண்டிருக்கு."

 அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு விபூதி பூசியதும் மணிக்கூட்டை முறுக்குவார். சனி காலை முறுக்கியது ஞாயிறு நாலு பத்துக்கு நின்றிருக்கிறது. ஞாயிறு விடிய முறுக்க அவர் எழும்பவில்லை. விடியுமுன்பே இறந்திருக்கிறார்; அப்போது நவமி. மூன்று வருடமும் பிழையான நாளில் பிண்டம் வைத்திருக்கிறோம். ஐயரிடம் சொல்லி நாளை மாற்றலாம். ஆனால் ஏன் என்று அம்மா கேட்பாரே. பகல் முழுக்க அந்த மனுசன் தனியே கிடந்ததை நான் எந்த வாயால் சொல்ல? கடையில் நாலு பேர் பார்க்க அழுதேன்.

"நானா, இதை ஓடாமல் செய்து, முள்ளைப் பழையபடி நாலு பத்திலை வைச்சுத் தாங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு சின்னச் சில்லைக் கழற்றி, முள்ளை நாலு பத்தில் வைத்து, மணிக்கூட்டைக் கடுதாசியில் சுற்றித் தந்தார்.

"உள்ளுக்கு எல்லாம் உடைஞ்சு போச்சாம். திருத்தேலாதாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வருடமும் திவசம் தசமியில்தான். முதல் நாள் நவமியன்று கந்தோரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டார். பசியில்லை என்றேன்.

"நாளைக்குத்தானே அப்பாவின்ரை நாள். இண்டைக்கு ஏனடா பட்டினி கிடக்கிறாய்?" என்று ஏசினார்.

சோற்றுக் கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிட்டேன்.