குளத்துக்கு ஒரு தலையணை

என் ஒன்பதாவது வயதில், கடவுள் எங்கள் ஊரை ஏன் அழிக்கப் போகிறார் என்பது எனக்கும் மாமாவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. அந்த மார்கழியில் குளம் முட்டி, மேலதிகத் தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய தாழ்ந்த சுவருக்கு, வான்கட்டு என்போம், மேலால் தண்ணீர் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. வீணாய்ப் போகிற தண்ணீரைப் பார்த்தால் மாமாவுக்கு நெஞ்சு பொறுக்காது. அதில் ஒரு சாண் மறித்தால் கோடைச் சிறுபோகத்தில் இன்னும் கொஞ்சம் விதைக்கலாம். மறிப்பது குற்றம். தண்ணீர் ஏறிக் குளத்துக்கட்டு உடைந்தால், கீழே முழு ஊரும் இருந்தது. நான் உரப்பையின் வாயை விரித்துப் பிடிக்க, மாமா மண் அள்ளினார். மூன்று மூட்டையை வான்கட்டின் மேல் அடுக்கினார்.

“குளத்துக்குத் தலகணி வைக்கிறன். அப்பாவிட்டைச் சொன்னியோ, உன்னையும் பைக்குள்ளை போட்டுக் கட்டிப்போடுவன்.”

அடுத்த கிழமை கடலில் தாழமுக்கம் வந்தது. மழையென்றால் துளி இருக்கும். இதற்குத் துளியே இல்லை, வானமும் வயலும் ஒரே நீராய் நின்றன. மூன்றாம் நாள் காலை, குளத்துக்கட்டின் அடியில் கலங்கல் தண்ணீர் கசியத் தொடங்கியது. ஆண்கள் கட்டுக்கு ஓட, பெண்களும் பிள்ளைகளும் மேட்டிலிருந்த அந்தோனியார் கோயிலுக்கு ஏறினோம். சிஸ்டர் செபமாலை முடித்து நோவாவின் கதையைச் சொன்னார். மனிதரின் பாவம் பெருகியதை, கடவுள் மனம் நொந்ததை, ஒரு குடும்பத்தை மட்டும் உள்ளே விட்டுப் பேழையின் கதவை அடைத்ததை.

“வெளியிலை நிண்ட பிள்ளையள், சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“அதைப் பற்றி ஒண்டும் சொல்லியில்லை, பிள்ளை.”

வெளியில் நிற்கப் போகிறவள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்களுக்குக் காவல் என்று வந்த மாமா முன்வரிசையில் முழங்காலில் இருந்தார். அவருடைய செபந்தான் எல்லாரையும்விடச் சத்தம். கிட்டப் போய்க் காதுக்குள் கேட்டேன்.

“மாமா, மூட்டையை எடுப்பமோ?”

“வாயைப் பொத்து. மழை விட்டிடும்.”

கண்ணை இறுக்கி மூடிச் செபத்தைத் தொடர்ந்தார். நான் கோயிலை விட்டு ஓடினேன். சேறு காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. கட்டில் அப்பா மண்வெட்டியோடு நின்றார்.

“அப்பா, வான்கட்டிலை மூட்டை கிடக்கு. நானும் மாமாவுந்தான் வைச்சனாங்கள்.”

அடிக்குக் காத்துக் கண்ணை மூடினேன்.

“எத்தினை?”

“மூண்டு.”

அப்பா மற்ற ஆண்களைப் பார்த்தார். அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

இடுப்பில் கயிறு கட்டி ஆறு பேர் இறங்கினார்கள். ஒன்றைப் புரட்டினார்கள், வெள்ளம் அதை விழுங்கியது. இரண்டாவது. மூன்றாவதைப் புரட்டும்போது அப்பாவின் கால் பறிந்தது, தலை மறைந்தது, கயிறு விண்ணென்று விறைத்தது. திரும்பினேன். கயிற்றின் மறுமுனையில், எனக்குப் பின்னாலேயே ஓடிவந்திருந்த மாமா, குதிக்காலைச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்தபடி.

அப்பாவின் தலை மேலே வந்தது.

“போதும் அப்பா, மூண்டும் போட்டுது. ஏறுங்கோ.”

அவர் ஏறவில்லை. ஒருவரும் ஏறவில்லை. பக்கத்து வளவுக்காரர் சுவரின் மூலைக்கு நேரே போய்க் குனிந்து ஒரு மூட்டையைப் புரட்டினார். இன்னொருவர் நடுவில் இரண்டு. யாரும் தேடவில்லை, துழாவவில்லை. அவரவர் அவரவருடைய இடத்துக்குப் போனார்கள். அப்பா மறுகரையோரம் மூழ்கி ஒன்றைக் கிளப்பினார். மொத்தம் பன்னிரண்டு. பிறகு வான்கட்டு இரைந்த இரைச்சல் கோயில் வரைக்கும் கேட்டதாம்.

மழை அன்றும் விடவில்லை. ஆனால் குளத்துக்கட்டு நின்றது.

பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். “மாமாவை ஒண்டும் செய்யேல்லையோ?”

“தலையைத் துவட்டு. தடிமன் பிடிக்கப் போகுது.”

அதன்பின் பல நாட்கள் ஊர் ஆண்கள் ஒருவரோடொருவர் வழக்கமில்லாத மரியாதையோடு கதைத்தார்கள். “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார்கள். யாருடைய மூட்டை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எங்கள் மூன்றும் ஊரை அழிக்கப் போதாதென்று, மற்ற ஒன்பதையும் கடவுளே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.