பின்லாந்துக் கதிரை

என் மனைவிக்குச் சயரோகம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்ன வருஷம்தான் எங்கள் தோட்டத்துத் துரையும் துரைசானியும் சீமைக்குத் திரும்பினார்கள். கலஹாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். பங்களாவில் மிஞ்சிய சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார்கள். நானும் போனேன்.

அலுமாரிகளுக்கும் பூப்போட்ட பீங்கான்களுக்கும் நடுவில் ஒரு கதிரை நின்றது. இருக்கையும் முதுகும் ஒரே மெல்லிய பலகை. அதன் இரண்டு முனைகளையும் பாய் சுருட்டுவது போல வளைத்திருந்தார்கள். கைப்பிடிகளே கீழிறங்கிக் கால்களாகி, மறுபடி மேலேறின. கடைசல் வேலை இல்லை, பூ இல்லை, ஆணிகூடத் தெரியவில்லை. என்னால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அது பின்லாந்து என்ற குளிர்நாட்டில் செய்தது என்றார் துரைசானி. அங்கே சயரோக ஆஸ்பத்திரிக்கென்றே யோசித்துச் செய்தார்களாம்; சாய்ந்தால் மூச்சு இலகுவாக வருமாம். ஆஸ்பத்திரிச் சாமானில் உட்காரமாட்டேன் என்று துரை ஒருநாளும் அதைத் தொடவில்லையாம். அதன்பிறகு நான் யோசிக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

"மெத்த எங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மெத்த கெடையாது. அப்படியே சாயணும்."

"முறிஞ்சிடாதா?"

பயந்து பயந்து உட்கார்ந்தாள். பலகை அவள் பாரத்துக்குக் கொஞ்சம் இசைந்து கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "முதுகுல யாரோ கை வச்சித் தாங்குற மாதிரி இருக்குங்க. இத செஞ்ச மனுசன் நோயாளிய கிட்ட இருந்து பாத்திருக்கணும்."

இருமல் குறையவில்லை. ஆனால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். பிறகு அறையில் மற்றதெல்லாம் அவளுக்குப் பாரமாகத் தெரிந்தது. டிரங்குப் பெட்டிகளையும் சுவரில் மாட்டிய படங்களையும் எடுக்கச் சொன்னாள். சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளைச் சுவர், திறந்த ஜன்னல், அந்தக் கதிரை. "இப்பதான் மூச்சு விட எடமிருக்கு" என்றாள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

பெருமழை வந்தது. மூடுபனி அறைக்குள்ளேயே புகுந்தது. வளைவில் பலகையின் அடுக்குகள் ஈரத்தில் ஊறி விரியத் தொடங்கின. பேராதனையிலிருந்து தச்சு வேலை செய்யும் சிங்கள பாஸ் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒட்டின பலகை, மாத்தயா. பசை விட்டிருச்சி. பலாவில, தேக்கில இப்பிடி வளைக்க ஏலாது."

நான் கயிற்றால் சுற்றிக் கட்டப் போனேன்.

"கட்டாதீங்க. அழகு கெட்டுப்போவுது" என்றாள். கட்டினபிறகும் அதில்தான் உட்கார்ந்தாள். ஆனால் முன்போலக் கைப்பிடியைத் தடவவில்லை.

ஒரு பகல் அவள் உட்கார்ந்திருக்கும்போதே பலகை பிளந்தது. அவளுக்கு அடி ஒன்றும் படவில்லை. தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். கதிரையைப் பற்றி அவள் மறுபடி கேட்கவேயில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கினேன், சரிந்துகொண்டே இருந்தன. ஐப்பசியில் இறந்துபோனாள்.

பாய், சேலைகள், அந்தக் கதிரை எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். தூறலில் நெருப்புப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். சேலைகள்தான் முதலில் எரிந்தன.

பிறகு வேலை மாற்றம் கேட்டு ஹந்தானைப் பக்கம் போனேன். அங்கே தோட்டம் தந்த கட்டிலும் மேசையும் இருந்தன. வீட்டுக்கென்று நான் வேறொன்றும் வாங்கவில்லை.