நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நிற்கிறார். கால்களை ஒரு முழம் அகட்டி, இடது தோளை அலமாரியில் சாய்த்துக்கொண்டு கோப்பைப் புரட்டுகிறார். சட்டமன்ற உறுப்பினர் விடுதியின் முதல் மாடித் தரை சிமெண்டால் ஆனது. அது எங்கேயும் போகப்போவதில்லை. பத்தொன்பது வருடம் ஓடும் பேருந்தில் நின்ற கால்களுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"உக்காருங்களேன் அக்கா."

"நீ உக்காரும்மா. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்."

ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது இதைச் சொல்வார். நான்கு தடவையும் அவரே முதலில் சிரிப்பார்.

கைக்கடிகாரத்தின் முகம் அவருக்கு எப்போதும் மணிக்கட்டின் உள்பக்கம்தான் இருக்கும். மேலே கம்பியைப் பிடித்தபடி நேரம் பார்க்க அதுதான் வசதியாம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் உதடு அசையாமல் தலைகளை எண்ணிவிடுவார். திருமண மண்டபம், சாவு வீடு, சட்டமன்றம் எதுவும் விலக்கில்லை. ஒரு பிற்பகல் பார்வையாளர் மாடத்தில் இருந்த எனக்குக் கீழேயிருந்து சீட்டு ஒன்று அனுப்பினார். ஏதோ அவசரம் என்று பதறிப் பிரித்தேன். 'அறுபத்தெட்டு பேர். இருபத்திரண்டு பேர் தூக்கம்' என்று இருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். பகல் முழுவதும் மெஷினை விட்டு எழாதவர். "இவ நின்னுக்கிட்டே சாப்பிடுவா, நான் உக்காந்துக்கிட்டே தூங்குவேன். ரெண்டு பேரையும் கூட்டிப் பாதியா வகுத்தா ஒரு மனுஷன் தேறுவான்" என்பார். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவள் பேசும்போதும் அக்கா அறையின் நீளத்துக்கு நடந்துகொண்டேதான் இருப்பார். "அம்மா, மூச்சு வாங்குது உனக்கு. நில்லு" என்று கைப்பேசியிலிருந்து அதட்டல் வரும்.

எந்தக் கட்சியிலும் சேராத உறுப்பினர் அவர். அவருக்கு வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏரிக்குத் தெற்கே, நகரத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வடகரைதான் வரும். ஏரிக்கு அந்தப் பக்கம் மலை மடிப்புகளில் ஒன்பது சிற்றூர்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் தலைநகரின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நிரப்ப முடியாது. அந்த ஊர்களுக்குப் போகிற ஒரே பேருந்தில்தான் அவர் கண்டக்டராக இருந்தார். தேர்தலில் எதிர்த்து நின்றவர், "டிக்கெட் கிழிச்சவங்களுக்குச் சட்டம் என்ன தெரியும்?" என்று மேடையில் கேட்டார். மறுநாள் இவர் மேடையேறி, "அண்ணனும் என் வண்டில வந்திருக்காரு. எங்க ஏறினாரு, யாரோட இறங்கினாரு, எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

காலை ஏழு மணிக்கு அவர் கைப்பேசி அடிக்கும். வடகரையின் ஒரே சுகாதார நிலையத்தில் இருக்கிற நர்ஸ் அழைப்பார். இரண்டு அறை, ஒரு கட்டில், மருந்து வைக்கிற குளிர்பெட்டி ஒன்று, ஒரு நர்ஸ். ஒன்பது ஊருக்கும் அவ்வளவுதான். இரண்டு மாதங்களாக அந்த அழைப்பில் ஒரே வாக்கியம்தான் வந்தது: "அக்கா, இன்னும் பூட்டல." அக்கா "சரி" என்று வைத்துவிடுவார். பிறகு அன்றைக்கு முழுவதும் அந்த "இன்னும்" அவர் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

துறையின் விதி எளிமையானது. ஐம்பது கிலோமீட்டருக்குள் மருத்துவமனை இருந்தால் தனி நிலையம் தேவையில்லை. நிலையத்தை மூடும் ஆணை வந்துவிட்டது. பொருட்களை எடுத்துச் செல்ல லாரி வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டு, அமைச்சரின் வாயால் "நிறுத்தி வைக்கிறோம்" என்று சொல்லவைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் திட்டம். கேள்விகளின் வரிசையைக் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். நான்கு முறை அவருடைய கேள்வி கடைசியில் விழுந்து, நேரம் முடிந்து, எழுத்தில் ஒரு பதிலோடு போய்விட்டது. ஐந்தாவது முறை மூன்றாம் இடம் கிடைத்தது.

கேள்விகளை எழுதித் தருவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை இது. அக்கா நடந்துகொண்டே சொன்னார்: "வடகரைலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நல்ல நாள்ல ஆறு மணி நேரம். காத்தடிச்சா மறுநாள். மண்ணு சரிஞ்சா எந்த நாள்னு சாமிக்கே தெரியாது. இப்படி இருக்கற எடத்துல நர்ஸை எடுக்கலாமா? இதைக் கேளு."

நான் கேட்கத்தான் செய்தேன். 'மருத்துவமனையிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள வடகரை சுகாதார நிலையத்தை மூடும் முடிவு கைவிடப்படுமா?' வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைச் சரியாகக் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. கல்லூரியில் ஒரு முறை, எங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம் "ரெண்டு மணி நேர நடை" என்றேன். மேசையே குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தூரத்தை நான் நேரத்தில் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை அமைச்சர் எழுந்தார். "மாண்புமிகு உறுப்பினரே தம் கேள்வியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறார். விதி ஐம்பது. எனவே கைவிடும் கேள்வியே எழவில்லை." உட்கார்ந்துவிட்டார். மொத்தம் இருபது விநாடி இருக்கும்.

மாடத்தில் நான் கேள்வியின் நகலைப் பிரித்து அந்த எண்ணைத் திரும்பப் படித்தேன்.

துணைக் கேள்விக்கு அக்காவை அழைத்தார்கள். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, அந்த நாப்பத்திரண்டு கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க?"

"உறுப்பினர் அமைச்சரை மாண்புமிகு என்று அழைக்க வேண்டும்" என்றார் பேரவைத் தலைவர்.

"மாண்புமிகு அண்ணே, எவ்வளவு நேரம்?"

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். "ஒன்றரை மணி நேரம் ஆகலாம். சாலை மோசமாக இருந்தால் இரண்டு."

"வியாழக்கிழமை காலைல அஞ்சு நாப்பதுக்கு வண்டி. ஜன்னலோர சீட்டு பிடிச்சு வைக்கறேன். ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் மூடுங்க."

மறுபடி சிரிப்பு. பத்திரிகையாளர்கள் எழுதிக்கொள்வதை அமைச்சர் கவனித்தார். "எனக்கு வேறு பணி இருக்கிறது. அதிகாரி ஒருவரை அனுப்புகிறேன்" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் நான் தூணோரமாக நின்றேன். அக்கா நேராக வந்தார்.

"மணி நேரம்னுதானே சொன்னேன். ஏன் மாத்துன?"

"நல்லா இருக்கும்னு நினைச்சேன்க்கா."

"யாருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அந்த ஒற்றைச் சொல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. எந்த வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்தாலும் வந்து எதிரில் நிற்கிறது.

வியாழக்கிழமை காலை, ஏரிக்குத் தெற்கே மருத்துவமனை இருக்கிற அந்த நகரத்தின் பேருந்து நிலையம். அதிகாரி துறையின் காரில் வந்து இறங்கினார். பளபளக்கும் காலணி, தோளில் மடிக்கணினிப் பை. மூடும் ஆணையில் கையெழுத்திட்டவர் அவரேதான். "கார்லயே போயிடலாமே மேடம்?" என்றார்.

"அங்க இருக்கறவங்க கார்ல வர்றதில்ல சார்."

ஜன்னலோர இருக்கையில் அக்காவின் பை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரை உட்கார வைத்தார். கையில் வெற்று டிரிப் ஷீட் ஒன்றைக் கொடுத்தார். வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்று கண்டக்டர்கள் குறிக்கிற தாள் அது. "பொழுது போகணும்ல. சும்மா குறிச்சுக்கிட்டே வாங்க." அதிகாரி சிரித்தபடி முதல் வரியில் 5.40 என்று எழுதினார்.

அக்கா படியருகே நின்றுகொண்டார். இப்போதைய கண்டக்டர், "அக்கா, என் எடத்தை விடுங்க, எனக்கு வேலையே இல்லாம பண்றீங்க" என்று முனகினான். "நீ டிக்கெட்டைப் பாருடா, நான் ரோட்டைப் பாக்கறேன்." வளைவுகளில் வண்டி தத்தளிக்கும்போது நாங்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். அவர் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றார். ஓரிடத்தில் மண் சரிந்து கிடந்தது. ஆண்கள் இறங்கிக் கல்லைப் புரட்டினார்கள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை; அது பயணத்தில் ஒரு நிறுத்தம் போல நடந்தது. இறங்கிய அதிகாரியின் காலணியில் சேறு ஏறியது. மூன்றாவது மணி நேரத்தில் அவர் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார்.

"இன்னும் எவ்வளவு தூரம் மேடம்?"

"கிலோமீட்டர்லயா சார், மணிக்கணக்குலயா?"

முழு வண்டியும் சிரித்தது. அதிகாரி தாளில் அடுத்த வரியைக் குறித்தார்.

பத்து மணி தாண்டி ஏரிக்கரை வந்தது. வண்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோகிற இரும்பு மிதவை அலையில் ஆடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு லாரி நின்றது. கதவில் சுகாதாரத் துறையின் முத்திரை. ஓட்டுநர் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அதிகாரி இறங்கிப் போய், "எப்ப கிளம்பினீங்க?" என்று கேட்டார்.

"நேத்து காலைல சார். மலையேறி இறங்கறதுக்குள்ள மத்தியானம். அப்புறம் ஒரே காத்து, மிதவை ஓடல. வண்டிலயே படுத்துட்டேன். அக்கரைல நர்ஸம்மா எடத்துச் சாமானை ஏத்தணுமாம். எவனோ மேல உக்காந்துக்கிட்டு ஆர்டர் போட்டிருக்கான் சார். பக்கம்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிடலாம்னு சொல்லி அனுப்புனாங்க."

அதிகாரி ஏரியைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மிதவையில் ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

காற்று அடங்கி மிதவை புறப்படத் தயாரானபோது மணி பதினொன்றாகிவிட்டது. வரிசை எப்படி இருந்தாலும் வழக்கப்படி பேருந்துதான் முதலில் ஏறும்; அது ஏறியதும் பின்னால் ஒரு லாரிக்கு இடம் மிச்சமிருந்தது. அக்கா ஆட்களை ஓரமாக ஒதுக்கி லாரிக்கு வழி செய்தார். வடகரைப் பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா நீ, நம்ம ஆஸ்பத்திரியை அள்ளிக்கிட்டுப் போக வர்றவனுக்கு நீயே வழி விடற?"

"அவன் நேத்துலேர்ந்து நிக்கறான் பெரியப்பா. வரிசைல முன்னாடி நிக்கறவனை விட்டுட்டு வண்டி எடுக்கச் சொல்றீங்களா?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏரியைக் கடக்கும் வரை அக்கா மிதவையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். கழுத்தில் வேர்த்திருந்தது. சொன்னதில் உறுதியாக இருந்தாரே தவிர, அவருக்கும் அது சுலபமாக இல்லை.

அக்கரையில், இறங்குதுறைக்கு எதிரிலேயே சுகாதார நிலையம். வாசலில் நர்ஸ் சாவிக்கொத்தோடு நின்றார். பின்னால் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். லாரி ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அதிகாரி அசையாமல் டிரிப் ஷீட்டின் கடைசி வரியில் 11.55 என்று எழுதினார். மேல் வரியையும் கீழ் வரியையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது. ஆறே கால் மணி நேரம்.

"இதை நான் எடுத்துக்கலாமா மேடம்?"

"ஒரிஜினல் எங்கிட்டதான் இருக்கணும். நகல் எழுதிக்குங்க. ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க."

நர்ஸின் மேசை மேலேயே வைத்து அவர் நகல் எழுதினார். பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டார். "எதையும் ஏத்த வேணாம். முப்பது நாளைக்கு இப்படியே இருக்கட்டும். நான் மேல எழுதறேன்."

வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நர்ஸ் சட்டென்று குனிந்து ஒரு பெட்டியின் முடிச்சில் கை வைத்தார். "அக்கா, எல்லாத்தையும் பிரிச்சுடட்டுமா?"

"முப்பது நாள்னுதானே சொல்லியிருக்காரு" என்றார் அக்கா. "கட்டிலைப் போடு. மருந்தைப் பிரி. மத்தது கட்டினபடியே இருக்கட்டும்."

அதிகாரியோடு தேநீர் குடிக்க எல்லோரும் உள்ளே போனார்கள். அக்காவைக் காணாமல் தேடி நான் வெளியே வந்தேன். எங்கள் பேருந்து மறுநாள் காலையில்தான் திரும்பும்; மிதவை தென்கரைக்குப் புறப்படத் தயாராக இருந்தது, அதை விட்டால் அன்றைக்கு வேறு இல்லை. வெறும் லாரி, குறுகலான பலகையில் பின்பக்கமாக ஏறத் தடுமாறியது. ஓட்டுநருக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தார். அலை காலை நனைக்க, லாரியின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் வலது... வரலாம்..."

நான்கு சக்கரமும் மிதவையில் ஏறின. அவர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.