மாடன் வாய் துடைத்த கொடை

துறைமுகத்தில் உர மூட்டை தூக்கும் சுடலைக்கண்ணன், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி. கிடாயின் குரல்வளையைக் கடித்து ரத்தம் குடித்துவிட்டு, ரத்தம் படிந்த கையாலேயே பிள்ளைகளுக்குத் திருநீறு பூசுவார். பக்கத்து வீட்டு விக்டரின் மகள் டயானா சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளைதான். ஆனாலும் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள்.

இந்த வருஷம் கொடைக்கு ஒரு வாரம் முன்பு, விக்டர் வீட்டு டிவியில் ஓடிய பழைய இங்கிலீஷ் பேய்ப்படத்தை விக்டர், டயானாவோடு சுடலைக்கண்ணனும் உட்கார்ந்து பார்த்தார். கொம்பு வைத்த சாமியைக் கும்பிடும் ஊரார், வழிதவறி வந்தவனைக் கல்லில் கிடத்தி, நெஞ்சைப் பிளந்து ரத்தம் குடித்தார்கள்.

"ஏலே சுடலை, ஒன் சொந்தக்காரனுவளா?" என்று விக்டர் சிரித்தான்.

"கிடாக்கறி திங்க மட்டும் முந்தி வாரேல்லா!" என்று சுடலைக்கண்ணன் எகிறினார்.

சுடலைக்கண்ணன் விட்ட அறையில் விக்டரின் பல் தெறித்தது. டயானா அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாள்.

"மாமா என்னையும் கடிச்சிருவாவ!"

விக்டர் திருப்பி அடித்த அடிகூட அவருக்கு அந்தச் சொல் அளவுக்கு வலிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க டயானா அவர் கண்ணில் படவே இல்லை.

கொடையன்று கிடா துடித்து அடங்கியது. நெஞ்செல்லாம் ரத்தம் வழிய ஆடிவந்த சுடலைக்கண்ணன் சட்டென்று நின்றார். பல் போன விக்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து டயானா எட்டிப் பார்த்தாள்.

"மாமா, வாயத் தொடச்சிட்டுப் பூசுங்க."

மேளம் உச்சத்தில் முழங்க, அவர் மேல் இறங்கிய சுடலைமாடன் துண்டைத் தேடினார்.