நர்மதாக்கா அழுத்திய சிவப்பு

நர்மதாக்கா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வருஷமாக விற்கிறவர். விடியுமுன் ஏலம், ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ, எட்டு மணிக்கு முதல் மாடி. அங்கே யாரும் அவர் கூடையைக் குனிந்து பார்த்து மீன் வாங்குவதில்லை. "இன்னிக்கு வஞ்சிரம் நல்லாக்கீது" என்று அவர் சொன்னால் போதும். அந்தப் பெயரை நான் நான்கே நாளில் கெடுத்தேன்.

நான் திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. எதை எழுதினாலும் அடியில் ‘மாரியப்பன், பி.எஸ்ஸி.’ என்று போடாமல் விட்டதில்லை. ராயபுரத்தில் ஷாரிக் அண்ணனின் சின்ன அலுவலகத்தில், மீன்காரர்களுக்கான ஒரு செயலிக்குத் திரை வடிவமைத்தேன். பின்னணிக்கு வெளிர்நீலம். அதன் மேல் இரண்டு பொத்தான்கள். உச்சி வெயிலிலும் தெரிய வேண்டுமே என்று மொட்டைமாடியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பதினேழு பச்சைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விற்பவர் பச்சையை அழுத்தினால் வாங்குபவரின் ஃபோனில் ‘இன்று பிடித்தது’ என்று வரும். சிவப்பை அழுத்தினால் ‘ஐஸில் வைத்தது’.

விற்பவரின் திரையில் மட்டும் எழுத்தே இல்லை. நான்தான் எடுத்துவிட்டேன்.

"மீன் விக்கிற அக்காங்களுக்கு எழுத்து எதுக்குண்ணே? கலரைப் பார்த்தாலே புரியும்."

"நேர்ல போய் ஒருவாட்டி சொல்லிக் குடுத்துட்டு வாடா" என்றார் ஷாரிக் அண்ணன். நான் போகவில்லை.

முதல் சோதனைக்கு நர்மதாக்கா ஒருவரிடம்தான், ‘அன்று பிடித்ததுக்கு ஒரு பொத்தான், ஐஸ் மீனுக்கு ஒன்று’ என்று மட்டும் ஃபோனில் சொல்லிக் கொடுத்தோம். நான்கு நாளும் அவர் சிவப்பையே அழுத்தினார். ஐந்தாம் நாள் கூடை அப்படியே திரும்பி வந்தது. ‘இத்தனை வருஷமா ஐஸ் மீனைத்தான் தலையில கட்டியிருக்கு’ என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்.

காசிமேட்டுக்கு ஓடினோம். ஏலம் முடிந்து பெண்கள் கூடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் குரலை உயர்த்தினேன்.

"பச்சைன்னா நல்லது, சிவப்புன்னா ஆகாதது. ரோட்டுல சிக்னல் பார்த்ததில்லையாக்கா? இதுகூடவா தெரியாது?"

அவர் கோபப்படவில்லை. ஒரு வஞ்சிரத்தை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

"இது இன்னா கலரு நைனா?"

"சிவப்பு."

"நல்ல மீனா, கெட்ட மீனா?"

ஒதுக்கிப் போட்டிருந்த மீன் ஒன்றின் செவுளையும் தூக்கினார். வெளுத்து, பச்சை பாய்ந்திருந்தது.

"பச்சையா கீது பாரு. வாங்கினு போய் துன்னு. உங்க கம்ப்யூட்டர்ல இதான நல்ல மீனு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "சிக்னல்ல நிக்கிற மீனு போலக்கீது!" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு எழுத்து போட்ருந்தா படிச்சிருப்பேனே பா. ஏன் போடல?"

"நீங்க படிப்பீங்களான்னு..."

"பத்தாவது பாஸு நானு. கணக்குல எண்பத்தொண்ணு. ஒரு வார்த்தை கேட்டியா?"

என் அம்மா ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பவர். ஒருமுறை கடைக்காரர் "உனக்குச் சொன்னா விளங்காதும்மா" என்றபோது அவரோடு சண்டைக்குப் போனவன் நான். அது அப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

விளக்கம் போடுவதற்காக என்னைக் குடியிருப்புக் குழுவில் சேர்த்தார்கள். ‘செயலியில் தொழில்நுட்பக் கோளாறு. சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, வழக்கம்போல் பெயரும் பட்டமும் போட்டேன். அனுப்பிய பிறகுதான், ஷாரிக் அண்ணன் அந்தக் குழுவிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய பதிவுகளைப் படித்தேன். ‘நாளைக்கு சங்கரா, இறா வரும். ஆர்டர் சொல்லுங்க’ என்று நர்மதாக்கா நாள்தோறும் தன் கையால் தட்டியிருந்தார், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

சற்று நேரத்தில் எனக்கு அவருடைய குரல்பதிவு வந்தது. "கோளாறுன்னு போட்டுகிறியே, யாரு பா அது? நம்ம ஏரியாவா?"

ஷாரிக் அண்ணன், "நம்ம தப்புன்னு எழுதினா கம்பெனி பேரு கெட்டுரும், விட்றா" என்றார். அன்று முழுக்க விட்டுத்தான் வைத்திருந்தேன். மறுநாளும் கூடை நிறையத் திரும்பியது என்று கேள்விப்பட்ட பிறகே, அண்ணனிடம் கேட்காமல் எழுதினேன்:

‘நர்மதாக்கா கொண்டுவந்தது அன்றன்று பிடித்த மீன்தான். செவுள் சிவப்பாக இருந்தால் நல்ல மீன் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நானாக நினைத்துக்கொண்டு எழுத்தை எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. மாரியப்பன்.’

பிறகு மூன்றாம் மாடி அம்மா மட்டும், ‘நர்மதா, நாளைக்கு வஞ்சிரம் ஒரு கிலோ’ என்று போட்டார்.

அதன்கீழே நர்மதாக்காவின் பதில்: ‘சரிம்மா.’ அடுத்தது எனக்கு: ‘பேரு மட்டும் கீது. பி.எஸ்ஸி. எங்க போச்சு நைனா?’