தொண்டைக்கு ஜெபித்தார்கள்

எனக்குப் புற்றுநோய் வந்த இடத்தை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஈரல் என்றால் சொல்லலாம். நுரையீரல் என்றால் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. புராஸ்டேட் என்று சொன்னால், "அது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். என்ன செய்வது, கையை வைத்துக் காட்டவா முடியும்?

தாம்பரத்தில் எங்கள் தெருமுனைக் கோயிலின் பாடகர் குழுவில் நான் வாலிபத்திலிருந்து பேஸ் பாடுகிறவன். அடிக்குரல். எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். ஆபீசில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம், சபையில் என் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஓய்வுபெறப் போகிற நேரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட்டில் கோளாறு என்றால் கூடுகிற பி.எஸ்.ஏ. அளவு ஏறியிருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுதான் என்றார்கள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். போர்டில் மனுஷ உடம்பைப் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒரு பாகம் விடாமல் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறவள். அவளே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாட்டிக்கொண்டாள். எனக்காக ஜெபிக்கச் சொல்லி அழுதிருக்கிறாள். செயலாளர் அம்மா, "எந்த இடத்துலம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் முழித்திருக்கிறாள். "பாடுறவராச்சே, தொண்டையா?" என்று அவரே எடுத்துக் கொடுக்க, "ஆமாங்க, தொண்டைதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் குதித்தேன். "உனக்கு என்ன கழண்டு போச்சா? தொண்டைன்னு சொல்லிட்டு வந்திருக்கே?" என்று கத்தினேன். "அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க, எங்க வந்திருக்குன்னு" என்றாள். நான் போகவில்லை. உண்மையில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு ஐயா, எங்கள் போதகர், என் தொண்டைக்காக ஜெபித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஜெபித்தார்கள். அதிமதுரம் வந்தது, தேன் வந்தது, யாரோ தொட்டியோடு கற்பூரவள்ளிச் செடியே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் முடிந்து, சிறுநீர்க் குழாயும் பையுமாக நான் வீட்டில் கிடந்தபோது பார்க்க வந்தவர்களிடம் குசுகுசுவென்று பேசினேன். தொண்டை நோயாளி கணீரென்று பேசலாமா? போர்வைக்கு வெளியே குழாய் எட்டிப் பார்த்த அன்றைக்கு, "மயக்கம் குடுத்துத் தொண்டைக்குள்ள டெஸ்ட் எடுத்தாங்க, அப்போ இதெல்லாம் வைப்பாங்க" என்று என் மனைவி கூசாமல் சொன்னாள். பொய் சொல்லிப் பழகினால் சரளமாக வந்துவிடுகிறது.

டாக்டர் நல்ல மனிதர். "கேன்சரைப் பொறுத்தவரைக்கும் ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு சார். சுத்தமா எடுத்தாச்சு" என்றார். மற்றதையும் அவர் மறைக்கவில்லை. குழாயை எடுத்தபிறகு கசிவு இருக்கும், இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியைச் செய்யவேண்டும், சிலருக்குச் சில மாதத்தில் நிற்கும், சிலருக்கு வருஷக்கணக்காகும், சிலருக்குக் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்றார். கட்டில் விஷயத்தையும் சொன்னார். அதைக் கேட்கும்போது நானும் என் மனைவியும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழாயை எடுத்தார்கள். வாஷர் போன பைப் மாதிரி ஆகிவிட்டேன். படுத்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்தால் ஒழுகும், தும்மினால் ஒழுகும், சிரித்தால் ஒழுகும். கறுப்பு பேண்ட்டைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு மாற்று பேண்ட். தாம்பரத்து மருந்துக்கடைகளில் எல்லாம் சபை ஆட்கள் இருப்பார்கள் என்று வண்டலூர் வரை போய் டயாபர் வாங்கினேன். "யாருக்கு சார், சைஸ் என்ன?" என்று கடைப் பையன் கேட்டான். "எங்கப்பாவுக்கு. என் சைஸ்தான்" என்றேன். அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம்.

பாட்டும் போயிற்று. குளியலறையில் ஒருநாள் பாடிப் பார்த்தேன். அடிக்குரல் தொண்டையிலிருந்து வருவதில்லை, அடிவயிற்றை இறுக்கிக் கொடுக்கவேண்டும். ஒரு நீண்ட வரியின் கடைசியில் இறங்கும்போது காலோடு வழிந்தது. அங்கேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொயரில், தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறவே இல்லை. என் மனைவி சந்தோஷம் தாங்காமல் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ஸ்தோத்திர ஆராதனை வைத்துவிடலாம், அண்ணனே தனியாக ஒரு பாட்டுப் பாடட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். முடியவே முடியாது என்றேன். "நான் பொருத்தனை பண்ணியிருக்கேன். உங்களைப் பிழைக்க வச்சா சபைக்கு முன்னாடி பாடுவீங்கன்னு சொல்லி அழுதிருக்கேன்" என்றாள். கடவுளிடம் சொன்னாளே, அவரிடமாவது இடத்தைச் சரியாகச் சொன்னாளா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளே ஒன்றுக்கு இரண்டாக டயாபர் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில் கோட்டும் போட்டுக்கொண்டு போனேன். பாடினேன். குரல் நன்றாகத்தான் வந்தது. அதுவும் கூடவே வந்தது. ஒவ்வொரு வரியின் இறக்கத்திலும் தொடையில் சூடாக இறங்கி, கடைசிச் சரணத்தில் காலுறைக்கு வந்துவிட்டது. முதல் வரிசையில் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஐயா எழுந்து வந்தார். என் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "பாருங்க, கத்தி படாத கழுத்து. ஒரு தையல் இருக்கா?" என்று மைக்கில் சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நான் அப்படியே முழங்காலில் விழுந்து, எல்லோரும் வெளியே போகிறவரை எழுந்திருக்கவில்லை. என்ன பக்தி என்று பேசிக்கொண்டார்களாம். எழுந்தால் ஈரம் தெரிந்துவிடும் என்பதுதான் என் பக்தி.

அதை யாரோ வீடியோ எடுத்து, தொண்டைப் புற்றுநோயிலிருந்து பூரண சுகம் என்று எழுதி அனுப்பிவிட்டிருக்கிறார்கள். அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. சில வாரம் கழித்து ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கேட் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் போன். பக்கத்தில் காக்கிச் சட்டையில் அவள் புருஷன், கழுத்தைச் சுற்றித் துண்டு. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள்.

"அண்ணா, இதுல பாடுறது நீங்கதானே?" என்று வீடியோவைக் காட்டினாள். "இவருக்கும் தொண்டையிலதான். குரல்வளையை எடுத்தே ஆவணும்னு சொல்லி ஆஸ்பத்திரில தேதி குடுத்தாங்க. இவரு போவலை. உங்க வீடியோவைப் பாத்துட்டு, அந்த ஆளுக்கு வெட்டாமயே சரியாய்டுச்சே, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வெட்டுறதுன்னு வூட்டுலயே குந்திகினு கீறாரு. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்றாங்கண்ணா."

அவர் பேசினார். காற்றுதான் வந்தது, நான் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. "ஷேர் ஆட்டோ ஓட்டுறேன் சார். தாம்பரத்துல நின்னுகினு வண்டலூர், கூடுவாஞ்சேரின்னு கூவணும். குரலை எடுத்துட்டா நான் இன்னா பண்றது? உனுக்கு எந்த டாக்டர் பாத்தாரு?"

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. "டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்றேன்.

"நீ கேட்டியா சார்?" என்றார்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அவரை மட்டும் கொயர் அங்கி மாட்டுகிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருக்கிற தழும்புகளைக் காட்டினேன். பிறகு பெல்ட்டைக் கழற்றினேன். ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்த டயாபரை அவர் பார்த்தார்.

"எனக்கு இங்கதான் வந்துச்சு. வெட்டித்தான் எடுத்தாங்க. அதனாலதான் உயிரோட இருக்கேன்" என்றேன்.

"தொண்டை?"

"தொண்டைக்கு ஒண்ணுமே வந்ததில்லை."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "ஒரு வார்த்தை சொன்னா இன்னா சார்?" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு உசுரு போவுது. உனுக்கு வெக்கம்" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அந்தப் பெண்ணின் நம்பரை வாங்காமல் விட்டுவிட்டோமே என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் புலம்பினோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா இல்லையா என்று தெரியாது. தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகும்போதெல்லாம் காக்கிச் சட்டை முகங்களைப் பார்ப்பேன். அவரைக் காணோம். செத்திருந்தால் நான்தான் கொன்றேன். வேறு எப்படிச் சொல்லிக்கொள்வது?

பல மாதம் கழித்து ஒருநாள் அதே இடத்தில், "வண்டலூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஷேர் ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு வீடியோவைக் காட்டிய அந்தப் பெண்தான் கூவிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிற இடத்தில் அவர். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது, மூச்சு விடும்போது அது லேசாக ஆடியது. உயிரோடு இருந்தார். நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார். ஏறு என்று கையைக் காட்டினார்.

"வேற தேதி குடுத்தாங்கண்ணா. குரல்வளையை எடுத்துட்டாங்க. நல்லவேளை, பரவலைன்னு சொன்னாங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். வழியெல்லாம் அவள் கூவிக்கொண்டே வந்தாள், குரல் கட்டியிருந்தது.

நான் வழக்கமான மருந்துக்கடைக்காக வண்டலூரில் இறங்கவேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பள்ளங்களில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டதில் டயாபர் நிறைந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். இறங்கித் திரும்பிப் பார்த்தால், ரெக்சின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம். காலேஜ் பெண் ஒருத்தி அங்கே உட்காரக் காலை வைத்துவிட்டாள். ஈரத்தைப் பார்த்து நின்றாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அவர் இறங்கி வந்தார். அந்தப் பெண்ணைக் கையால் தடுத்தார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சீட்டில் கொஞ்சம் ஊற்றி, துணியால் அழுத்தித் துடைத்தார். பிறகு பாட்டிலை அவளுக்குக் காட்டி, இது கவிழ்ந்துவிட்டது என்று சைகை செய்தார். "தண்ணி ஊத்திக்கிச்சும்மா, உக்காரு" என்றாள் அவர் மனைவி. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

நான் ரோட்டோரம் நின்று அழுதேன். வெட்கத்தில் வாயைத் திறக்காமல் அந்த மனிதரைச் சாவு வரை தள்ளிவிடப் பார்த்தவன் நான். அவரோ குரலே இல்லாமல் என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டுப் போகிறார். என்னத்துக்கு எனக்கு இந்தக் குரல்? டயாபர் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனையில், ஜெபக்குறிப்பு யாருக்காவது உண்டா என்று ஐயா வழக்கம்போலக் கேட்டார். நான் எழுந்தேன். எழும்போதே கசிந்தது. என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை என்றதும் கையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"எல்லாரும் என் தொண்டைக்காக ஜெபிச்சீங்க. எனக்குத் தொண்டையில எப்பவுமே ஒண்ணும் வரலைங்க. வந்தது கீழ, புராஸ்டேட்ல. வெட்டித்தான் எடுத்தாங்க. கேன்சர் போயிடுச்சு, அது நிஜம்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பாவம், என் கழுத்தைத் தொட்டுக் காட்டினவர்.

"அப்போ இப்ப என்னன்னு ஜெபிக்கட்டும் அண்ணே?" என்றார்.

"மூத்திரம் நிக்க மாட்டேங்குதுங்க ஐயா. அதுக்கு ஜெபிங்க" என்றேன்.