மாப்பிள்ளை சாரின் சோடியம்

கறார் டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு வேதியியல் எடுப்பதில் ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடமெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பவரால்தான். அவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்.

"சோடியம் மாப்பிள்ளை, குளோரின் பொண்ணு. மாப்பிள்ளை தன்கிட்ட இருக்கிற ஒரு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்தா கல்யாணம் முடிஞ்சது, உப்பு ரெடி!" என்று ஆட்டமும் பாட்டுமாக நடத்துவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவருக்கு மாப்பிள்ளை சார் என்றே பெயராகிவிட்டது. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் இவளிடம் வருவார்கள். அந்தக் கல்யாணத்தைக் கலைப்பதற்குள் இவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப்போகும். சே, இதுவும் ஒரு பிழைப்பா!

துறைத்தலைவர் பதவி காலியானது. போட்டியில் இவர்கள் இரண்டு பேர்தான். இவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பதவி அது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி இவள் வகுப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். உப்புப் படிகத்தைப் பந்துகளைக் கோத்துக் காட்டும் மாதிரியை இவள் மேஜையில் வைத்ததும் ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், இந்த சோடியத்தைச் சுத்தி ஆறு குளோரின் இருக்கே, இதுல அவரோட பொண்டாட்டி எது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டியும் இல்ல, புருஷனும் இல்ல! எலக்ட்ரானைக் கொடுத்தது பாசிட்டிவ் ஆச்சு, வாங்கினது நெகட்டிவ் ஆச்சு. எதிரெதிர் மின்சுமை, அதனால இழுக்குது. யார் கொடுத்தா, யார் வாங்கினான்னு எல்லாம் பார்க்காது. பக்கத்துல எதிர்ச் சுமையோட இருக்கிற எல்லாத்தையும் இழுக்கும். இதுல ஜோடியே கிடையாது!"

அதிகாரி சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கல்யாணக் கதையை யாரும்மா சொன்னது? பிரமாதம்!" என்றார்.

பதவி மாப்பிள்ளை சாருக்குப் போனது.

சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். "முதல் வேலையா அந்தக் கல்யாணத்தைப் பெரிய படமா எல்லா வகுப்புலயும் மாட்டப்போறேன். நீ நல்லா வரைவியே, நீயே வரைஞ்சு கொடுத்துடு."

அவள் பென்சிலை எடுத்தாள். "வரையறேன். சுத்தி நிக்கிற ஆறு பேர்ல எவ பொண்ணுன்னு மட்டும் சொல்லுங்க."

கேலி பண்ணுகிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆறா? ஃபார்முலாவுல ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதானே இருக்கு?"

இத்தனை வருஷமாக விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கத்துவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நாளைக்கு என் வகுப்புக்கு வாங்க," என்றாள். "கடைசி பெஞ்சுல இடம் இருக்கு."